பதினாலு மரை

தம்பி போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டேகால் மணிக்கு. தோளில் ஒரு பை, காலில் எண்ணெய்க் கறை படிந்த பட்டறைச் செருப்பு. நல்ல செருப்பு கதவோரமே கிடந்தது. அக்கா லேத்தைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டாள். பசித்தால் தானாக வருவான் என்று நினைத்தாள்.

அந்தப் பட்டறையில் இரண்டே பேர்தான். அளப்பது அக்கா, கடைவது தம்பி. கடையில் கிடைக்காத அளவில் பத்து, இருபது போல்ட் கேட்டு வருகிறவர்களுக்குச் செய்து கொடுப்பார்கள். தெருவில் அவளுக்குப் போல்ட்டக்கா என்றே பெயர். தம்பி சில வருடம் குடித்தான். விட்டு மூன்று வருடம் ஆகிறது. விட்ட புதிதில் கை நிற்காமல் நடுங்கும். அவன் கைமேல் தன் கையை வைத்து அழுத்தித்தான் லேத்தின் பிடியைச் சுற்ற வைத்தாள். ஆறு மாதத்தில் நடுக்கம் நின்றது.

போவதற்கு முந்தைய நாள் தண்ணீர்ப் பம்புக்காரர் ஒரே ஒரு பழைய போல்ட்டோடு வந்தார்.

“எட்டு வேணும் போல்ட்டக்கா. ஏழு முறிஞ்சுபோச்சு, மிச்சம் இது ஒண்ணுதான். மூணு தெருவுக்கும் குழாயில காத்துதான் வருது.”

அக்கா ஸ்கேலை வைத்து மரைகளை எண்ணினாள். அங்குலத்துக்குப் பதினாலு. பழைய பம்பு, அங்குலக் கணக்காகத்தான் இருக்கும். லேத் மூடியில் சாக்கட்டியால் ‘14’ என்று எழுதினாள். அதைப் பார்த்துத் தம்பி எட்டையும் வெட்டிக் கொடுத்தான்.

மறுநாள் மதியம் பம்புக்காரர் எட்டையும் மேஜைமேல் கொட்டினார்.

“நாலு சுத்து போகுது, அப்புறம் குத்துக்கல்லாட்டம் நிக்குது. மரை கழண்டது போல்ட்டுக்கா, உங்க ரெண்டு பேருக்கா?”

யாரும் சிரிக்கவில்லை. அவர் போனதும் அக்கா தம்பியிடம் சொன்னாள்:

“கையக் காட்டு.”

நீட்டினான்.

“நடுங்குது. எத்தனை நாளா நடக்குது இது?”

“நான் தொடலக்கா.”

“நீ சொல்லாட்டி என்ன, போல்ட்டு சொல்லுதே.”

அவன் தன் கைகளையே சற்றுநேரம் பார்த்தான். தனக்கே சந்தேகம் வந்தவன்போலப் பார்த்தான். பிறகு இரண்டையும் கால்சட்டைப் பைகளுக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போனான், தோள்பையை எடுக்க.

அவன் போனபின் அவளே ஒன்று வெட்டினாள். பம்பு அறைக்கு ஓடினாள். நாலு சுற்று, நின்றது. வெட்டுளியை மாற்றி இன்னொன்று வெட்டினாள். நாலு சுற்று, நின்றது. அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பழைய போல்ட்டையும், மரைகளின் இடைவெளி பார்க்கும் பல் வைத்த அளவியையும் எடுத்தாள். அளவியின் பதினாலாம் எண் பற்களை நடுவில் வைத்தாள், அச்சாகப் பொருந்தியது. போல்ட்டின் முனையில் வைத்தாள். பொருந்தாமல் பல்லுக்கிடையே வெளிச்சம் தெரிந்தது.

வருடக்கணக்கில் பம்பு இழுத்த இழுப்பில் போல்ட்டின் நடுப்பகுதி நீண்டு, அங்கே மரைகள் விலகிவிட்டிருக்கின்றன. நீண்ட இடத்தில் ஸ்கேல் வைத்து எண்ணியவள் அவள். அது அங்குலக் கணக்கே இல்லை, மில்லிமீட்டர் கணக்கு. அவள் எழுதிய பொய்யைத் தம்பி ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டித் தந்திருக்கிறான்.

மில்லிமீட்டர் கணக்கில் எட்டையும் புதிதாக வெட்டிக் கொண்டுபோய்ப் பூட்டினாள். அன்று சாயங்காலம் தண்ணீர் வந்தது. “போல்ட்டக்கா கை பட்டா பொன்னுதான்” என்று தெருவே சொன்னது. அவள் குழாயடியில் முகத்தைக் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள்.

தம்பியின் போன் அணைந்து கிடந்தது. பஸ் நிலையத்தில் தேடினாள், கூட்டாளிகளைக் கேட்டாள். சாராயக் கடைகளின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். இருக்க வேண்டுமே என்றும் இருக்கக் கூடாதே என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டு பார்த்தாள். ‘தப்பு என்னோடது. உன் கை நல்லாத்தான் இருந்துச்சு’ என்று தினமும் எழுதி அனுப்பினாள். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

போனானே என்பதைவிட, எதை நம்பிக்கொண்டு போனான் என்பதுதான் அவளை அரித்தது. கை நடுங்குகிறது என்று நம்பிவிட்டவனுக்கு என்றைக்காவது அது நடுங்கத்தான் செய்யும். நடுங்கும் கைக்கு மருந்து எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவனுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. உண்மை இவள் கையில், கைப்பைக்குள் கிடக்கிறது, ஒரு பழைய போல்ட்டாக. அதைக் கொடுக்க ஆள் இல்லை.

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் ஆஸ்பத்திரியோ போலீஸோ என்று பதறித்தான் எடுப்பாள். லேத் மூடியில் அந்தப் ‘14’ஐ அவள் துடைக்கவில்லை. மாதிரிக்கு யார் பழைய போல்ட்டைக் கொண்டுவந்தாலும், “போல்ட்டு இருக்கட்டும், அது போற துளையக் காட்டுங்க” என்றாள். அக்காவுக்குத்தான் மரை கழண்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் நாலு மாதம் கழித்து ஒரு காலை, லேத் ஓடிக்கொண்டிருக்கையில் புது எண்ணிலிருந்து செய்தி வந்தது. கையைத் துடைக்காமலே திறந்தாள்.

‘அக்கா, இங்க ஒரு லேத்துல வேலை பாக்கறேன். இன்னைக்கு ஒருத்தர் பழைய போல்ட்டு கொண்டாந்தாரு. நடுவுல அளந்தா பதினாலு. முனையில அளந்தா வேற. ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். அன்னைக்கு என் கை நடுங்கலதானேக்கா?’