அக்கா எந்தப் பக்கம் நிற்பது

எடுத்தவுடனேயே படத்தைத் துப்பும் கமராவுக்கு நெகற்றிவ் கிடையாது. வெள்ளைக் கரை போட்ட சதுரம் ஒன்று வெளியே வரும், கொஞ்ச நேரத்தில் அதில் ஆள் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒரு படத்தின் கரையை வெட்டி, முதுகை உரித்து, சுடுதண்ணீரில் போட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து படம் மட்டும் தனியே கழன்று மிதக்கும். அடியில் ஒரு தடித்த கடதாசியைக் கொடுத்து ஏந்தி எடுத்தால், சுருக்கமும் மடிப்புமாக அந்தக் கடதாசியில் அது ஒட்டிக்கொள்ளும். துணியிலும் மரத்திலும்கூட ஒட்டலாம். ஆனால் கழற்றியபின் பழைய படம் இல்லை. புதியது சரிவராவிட்டால் இரண்டும் இல்லை.

இதைப் பல்கலைக்கழகத்துப் படக் கழகத்தில் பழகினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்து மேலே போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் இடம்பெயர்வுகளுக்குள் படிப்பை விட்டவர்கள். அக்கா இங்கே வந்து, பிரெஞ்சு வகுப்பில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, ரூ காய் என்ற தமிழ்க் கடைத்தெருவில் ஒரு சீலைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அதனால் வீட்டில் எது விளங்காவிட்டாலும் என் பக்கம் திரும்புவார்கள். “படிச்சவர் சொல்லட்டும்” என்பாள் அக்கா. பாதி பகிடி, பாதி உண்மையாகவே கேட்பது. நானும் கேட்டதற்கு மேலேயே சொல்லுவேன்.

அக்காவின் எழுத்து அந்த இலையுதிர்காலத்தில் நடந்தது. எழுத்து என்றால் கலியாணப் பதிவு. இந்த நாட்டுச் சட்டப்படி மெறியில், அதாவது நகரசபையில், முதலில் பதியவேண்டும். கோயிலோ மண்டபமோ அதற்குப் பிறகுதான். எங்களுடைய ஆட்களுக்கு இது புதிதில்லை. ஊரிலும் எழுத்தை முதலில் முடித்து, தாலியை நல்ல நாள் பார்த்துப் பிறகு கட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். சட்டத்துக்கு அவள் மனைவி, வீட்டுக்கு அவள் இன்னும் பிள்ளை.

அக்காவுக்குத் தாலி கட்டுவதற்கு வைகாசியில்தான் மண்டபம் கிடைத்தது. மாப்பிள்ளை நகரத்துக்கு வெளியே பொபினியில் ஏற்கெனவே ஒரு வீடு எடுத்துவிட்டார். இரண்டு அறை, வெயில் வரும் குசினி. அக்கா எழுத்து முடிந்த கையோடு அங்கே போகவேண்டும் என்றாள். அம்மா வைகாசி என்றா. அப்பாவிடம் கேட்டால், அவர் உணவகத்து வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டே, “கொம்மாவைக் கேள்” என்பார். ஆகவே அக்கா தன்னுடைய புருஷனை வேலை முடிந்து மெத்ரோப் பாலத்துக்குக் கீழே சந்தித்துக் கதைத்துவிட்டு, தனியே வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள்.

“லிவ்ரே து ஃபமி தந்திருக்கினம், அம்மா. குடும்பப் புத்தகம். அதிலை ரெண்டு பேற்றை பேரும் கிடக்கு. பிள்ளையளின்ரை பேர் எழுத இடமும் விட்டிருக்கினம்.”

“இடம் விட்டிருந்தால் இருக்கட்டும். அவசரமே?”

இப்படித்தான் போகும். சண்டை என்று சொல்ல முடியாது. யாரும் சத்தம் போடவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரும் என்னோடுதான் கதைத்தார்கள்.

எழுத்தன்று அம்மா வேலைக்கு லீவு போட்டிருந்தா. ஆனால் மெறிக்கு வரவில்லை. “கையெழுத்து வைக்கிறதுக்கு நான் என்னத்துக்கு?” என்றா. விடியவே எழும்பி அக்காவுக்குச் சீலை கட்டிவிட்டா. அக்கா சீலைக் கடையில் நிற்கிறவள், கண்ணை மூடிக்கொண்டு கொசுவம் வைப்பாள். இருந்தும் அம்மா விடவில்லை. வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து, கொசுவத்தை அவிழ்த்துத் திரும்பவும் வைத்து, தலைப்பை இடத்தோளில் மடிப்பு மடிப்பாக அடுக்கிக் குத்தினா. பிறகு வடைக்கு உழுந்து அரைக்கப் போய்விட்டா.

மெறி வாசலில் மழை. கையில் இருந்த கமராவில் எட்டுப் படம் எடுக்கலாம். குளிரில் இந்தப் படங்கள் சரியாக வராது, நீலம் பாரிக்கும். சிலதில் குடை மட்டும்தான் தெரிந்தது. ஒன்றில் மட்டும் இரண்டு பேரும் முழுதாக, சிரித்துக்கொண்டு, படியில் நின்றார்கள். போன்களில் படம் நிறைய இருந்தது. ஆனால் போனுக்குள் இருப்பதை அம்மா படமாகக் கணக்கெடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை கதவடியில் நின்று, “மாமி” என்றார். நேற்றுவரை அன்ரி. அம்மாவுக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி, “வாங்கோ தம்பி, நனைஞ்சு போனியள்” என்றா. நானும் அவரை அத்தான் என்பதா அண்ணை என்பதா என்று தெரியாமல், பேர் சொல்லாமலே வடைத் தட்டை நீட்டினேன்.

சில நாள் கழித்து அக்கா அந்தப் படத்தை அம்மாவிடம் கொடுத்து, “இதைத் தம்பி நல்ல கடதாசியிலை கழட்டி ஒட்டித் தருவான். கண்ணாடி போட்டு ஹோலிலை மாட்டுவம்” என்றாள். ஹோல் சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அம்மாவும் அப்பாவும் கலியாணக் கோலத்தில் இருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் மாட்டினால் வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவள் பொபினி போவதைப் பற்றி விவாதம் இருக்காது. அக்காவின் கணக்கு எனக்கும் விளங்கியது, அம்மாவுக்கும் விளங்கியது.

அம்மா படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தா.

“இவள் ஏன் இந்தப் பக்கம் நிக்கிறாள்?”

அக்கா மாப்பிள்ளையின் இடப்பக்கம் நின்றிருந்தாள். எங்கள் கலியாணத்தில் தாலி ஏறும்வரை பெண் வலப்பக்கம்தான் இருப்பாள். தாலி கட்டியபிறகு எழுப்பி இடப்பக்கத்துக்கு மாற்றி இருத்துவார்கள். அந்த மாற்றத்துக்குத்தான் மண்டபத்தில் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள்.

“மழையிலை ஆர் அம்மா பக்கம் பாத்தது?” என்றாள் அக்கா. ஆனால் அவள் பார்த்துத்தான் நின்றாள். படமெடுக்கும்போது மற்றப் பக்கம் நின்றவள், குடைக்குக் கீழால் குனிந்து இந்தப் பக்கம் வந்ததை நான் கமராவுக்குள்ளால் கண்டேன்.

“உதைச் சுவரிலை மாட்டினால் பாக்கிற சனம் என்ன சொல்லும்? தாலி கட்டாமலே இடப்பக்கம் ஏறி நிண்டிட்டாள் எண்டு சொல்லும்.”

நான் அங்கே வாயைத் திறந்தேன். கழற்றிய படம் கண்ணாடி மாதிரி, இரண்டு பக்கத்தாலும் தெரியும், கவனிக்காமல் ஏந்தினால் இடம் வலமாக ஒட்டிவிடும், புதிதாகப் பழகுகிறவர்கள் அடிக்கடி அப்படிச் செய்துவிடுவார்கள் என்று விளக்கினேன். கழகத்தில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப பிரட்டி ஒட்டு” என்றா.

“என்னது?”

“அவளை வலப்பக்கம் விடு. மாட்டுறன்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. “நல்லாப் படிச்சிருக்கிறாய்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினி மேசையில், கேக் சுடுகிற கண்ணாடித் தட்டில் சுடுதண்ணீர் விட்டேன். அம்மா ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். “செய். ஆனா நான் பாத்துக்கொண்டுதான் நிப்பன்” என்று சொல்லியிருந்தாள் அக்கா. வெள்ளைக் கரையைக் கத்தரித்தேன். முதுகை உரித்தேன். அம்மா, “ஐயோ, பிச்சுப்போட்டான்” என்றா. பிச்சால்தான் வரும் என்றேன். தண்ணீரில் போட்டதும் பின்னால் இருந்த வெள்ளைப் பசை கரையத் தொடங்கியது. மெல்லிய தூரிகையால் அதைத் தடவித் தடவி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரம் தூக்கியது. பிறகு முழுதாகவே கழன்று, கொஞ்சம் விரிந்து, தண்ணீருக்குள் அசைந்தது.

“பாலாடை மாதிரி” என்றா அம்மா.

“தொட்டால் கிழியும்.”

“நான் தொடேல்லை.”

தட்டுக்குள் அக்காவும் மாப்பிள்ளையும் மடிந்து விரிந்து கிடந்தார்கள். தூரிகை முனையால் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகப் பிரட்டினேன். முகங்கள் தண்ணீரோடு சுருண்டு, மறுபக்கமாக அவிழ்ந்தன. அடியில் கடதாசியைக் கொடுத்து ஏந்தி மேசையில் வைத்தேன். இப்போது அக்கா வலப்பக்கம் நின்றாள். குரலில் எதுவும் காட்டாமல், “சரி. நான் இன்னும் கலியாணம் கட்டாத பெட்டை. இனி எல்லாரும் வந்து பாக்கட்டும்” என்றாள்.

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தா.

“உதென்ன, தலைப்பு மற்றத் தோளிலை கிடக்கு?”

“பிரட்டினால் எல்லாம் பிரளும், அம்மா. சீலையும்தான்.”

“சீலையை விட்டிட்டு ஆக்களை மட்டும் பிரட்ட ஏலாதோ?”

“ஏலாது.”

“வலத்தோளிலை ஆர் தலைப்புப் போடுறது?”

“வடக்கத்தி ஆக்கள் போடுவினம்,” என்றாள் அக்கா. “எங்கடை கடைக்கும் வாறவை. ஆரும் கேட்டால் எங்கடை அம்மாதான் உப்பிடிக் கட்டிவிட்டவ எண்டு சொல்லுறன்.”

“எடியே, நான் கட்டிவிட்டது இடத்தோளிலை!”

“எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமே?”

அம்மா இன்னும் கிட்டக் குனிந்தா. அந்தச் சின்னச் சதுரத்தில் மடிப்புகளைக்கூட எண்ணலாம் போல இருந்தது. ஒவ்வொரு மடிப்பும் அவ அடுக்கியது. இப்போது அவை பிழையான தோளிலிருந்து இறங்கின.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கடதாசி வேண்டாம், கண்ணாடித் துண்டில் ஒட்டுவோம், ஒரு பக்கத்தால் பார்த்தால் வலம், மற்றப் பக்கத்தால் பார்த்தால் இடம் என்றேன்.

“ஆக்கள் வரவர நான் அதைப் பிரட்டிப் பிரட்டி வைச்சுக்கொண்டு நிக்கிறதோ?” என்றா அம்மா. அக்கா சிரித்துவிட்டாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டா.

கடதாசியின் ஓரங்கள் காயத் தொடங்கியிருந்தன. காய்ந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது என்று சொன்னேன்.

“இப்ப ஏலுமோ?”

“ஈரம் இருக்குமட்டும் ஏலும்.”

“அப்ப திரும்பப் பிரட்டு.”

“பிரட்டினால் அக்கா இடப்பக்கம் வந்திடுவா, அம்மா.”

“அது எனக்குத் தெரியாதே? பிரட்டு எண்டால் பிரட்டு.”

கடதாசியோடு சேர்த்துத் தண்ணீரில் தாழ்த்தினேன். படம் ஒட்டிய இடங்களில் கொஞ்சம் அடம்பிடித்தது. பிரட்டித் திரும்ப ஏந்தும்போது ஒரு மூலை கிழிந்தது. மாப்பிள்ளையின் சப்பாத்து ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. “பரவாயில்லை, கால் இருக்குத்தானே” என்றாள் அக்கா. என் கையிலிருந்து தூரிகையை வாங்கி, சீலைத் தலைப்பில் விழுந்திருந்த சுருக்கத்தைத் தானே மெதுவாகத் தடவி நேராக்கினாள். முகத்தில் விழுந்த மடிப்பை அவள் கவனிக்கவேயில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பலசரக்குக் கடைக்காரர் தந்த நாட்காட்டிக்கு முன்னால் போய் நின்றா. ஒரு தாளைத் தூக்கினா, விட்டா.

“செவ்வாய் சரிவராது. வெள்ளி வேண்டாம், பொம்பிளைப்பிள்ளை வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுப் போகக்கூடாது. புதன் நல்லது. பன்னிரண்டுக்கு முன்னம் வெளிக்கிட்டால் ராகுகாலமும் இல்லை.”

“எங்கை அம்மா?” என்றாள் அக்கா.

“பொபினிக்கு. வேறை எங்கை?” அம்மா எங்கள் பக்கம் திரும்பவில்லை. “பெரிய குக்கர் உனக்கு வேண்டாம், சின்னதைக் கொண்டு போ. வைகாசி மட்டும் ஞாயிறு ஞாயிறு ரெண்டுபேரும் இஞ்சை வந்து சாப்பிட்டிட்டுப் போகவேணும். சொல்லிப்போட்டன்.”

அக்கா தூரிகையை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். போனில் யாரோடு கதைத்தாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அம்மா தட்டிலிருந்த தண்ணீரை ஊற்றப் போனா, வெள்ளைப் பசை குழாய்க்குள் அடைக்கும், முதலில் வடிக்கவேண்டும் என்றேன். வடித்தா.

புதன்கிழமை சூட்கேஸை நான்தான் ஐந்தாம் நம்பர் மெத்ரோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா குக்கரை மடியில் வைத்திருந்தாள். பொபினியில் அவர் கதவைத் திறந்தபோது, யோசிக்காமலே “அத்தான், இதைப் பிடியுங்கோ” என்றேன். அவரும் யோசிக்காமல் பிடித்தார்.

அடுத்த கிழமை அம்மா என்னைக் கொண்டு சுவரில் ஆணி அடிப்பித்துப் படத்தை மாட்டினா. பின்னேரம் கீழ்வீட்டு மாமி தேத்தண்ணி குடிக்க வந்தா. சுவரைக் கண்டுவிட்டு, “இன்னும் தாலி கட்டேல்லையெல்லோ? பிள்ளை எங்கை, வேலையோ?” என்று கேட்டா.

“பொபினியிலை, மனுசனோடை. தாலி வைகாசியிலை கட்டுவினம்” என்றா அம்மா, ஒரே மூச்சில். பிறகு படத்துக்குக் கிட்டப் போய்க் கையை நீட்டினா. “கொசுவத்தைப் பாத்தனீங்களே? நான் கட்டிவிட்டது.”