மச்சான் சிங்கம் பார்த்தது: க்ரூகர் காட்டுக்கு இரண்டாம் முறை

பார்த்த இடத்துக்கே மறுபடியும் காசு கொடுத்துப் போகிற ஆள் இல்லை நான். வெள்ளகோவிலில் கொப்பரை வியாபாரம். சொந்தக் காலில் நின்று மேலே வந்தவன் என்பதால் எதையும் யோசித்துத்தான் செலவழிப்பேன். அப்படியிருந்தும் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் காட்டுக்கு இந்த ஜூலையில் இரண்டாம் முறை போனேன் என்றால், காரணம் என் மச்சான் செல்லமுத்து.

அவர் என் மனைவி சாந்தாமணியின் அண்ணன். காங்கேயம் மாடு வளர்ப்பவர். கண்ணில் அழுத்தம் கூடி ஓரப்பார்வை போய்விட்டது. குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும்தான் தெரியும். இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். அன்று காரில் திரும்பும்போது மச்சான் மெதுவாகக் கேட்டார்: “நீங்க பாத்துட்டு வந்த அந்தச் சிங்கம்... இன்னும் அங்கயே இருக்குமுங்களா மாப்ள?”

அதற்கு முன் அவர் என்னிடம் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. அடுத்த வாரமே விசா வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

சாந்தாமணியும் சேர்த்து மூன்று பேர். கோவையிலிருந்து மும்பை, துபாய் வழியாக ஜோகன்னஸ்பர்க். அங்கே வாடகைக் கார் எடுத்தேன். நம் ஊர்போலவே வலது பக்கம் ஸ்டியரிங், இடது பக்கம் ஓட்டம், அதனால் பயமில்லை. காட்டு வாசலுக்கு நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், நல்ல சாலை, ஐந்து மணி நேரம். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூவாயிரம் ரூபாயை ஒட்டி வரும். உள்ளே வேகம் ஐம்பதைத் தாண்டக் கூடாது; முகாம்களிலும் ஓய்வுக்கென்று விட்ட இடங்களிலும் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. முகாமில் சமையல் வசதியோடு அறை கிடைக்கும். சாந்தாமணி அரிசிம்பருப்புச் சாதம் வைத்தாள். வாசலில் வைத்த வாழைப்பழச் சீப்பைக் குரங்கு தூக்கிப் போனது. அந்த விஷயத்தில் ஆனைமலைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் வித்தியாசமே இல்லை.

முதல் நாள் யானைக் கூட்டம், ஒட்டகச்சிவிங்கி, ஆற்றில் நீர்யானை. இரண்டாம் நாள் தூரத்து மர நிழலில் இரண்டு பெண் சிங்கங்கள். காட்டும்போதெல்லாம் மச்சான் தலையாட்டுவார்.

“பாத்துட்டேனுங்க மாப்ள. ஜம்முனு இருக்குது. ஓட்டுங்க, பின்னால வண்டி நிக்குது.”

வந்த காரியம் முடிந்தது என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் காலை, சாலையோரம் ஐந்தாறு கார்கள் நின்றிருந்தன. இடது பக்கம், கரையான் புற்றின் அடியில் பிடரி மயிர் அடர்ந்த ஆண் சிங்கம் படுத்திருந்தது. நாற்பது அடி தூரம்கூட இருக்காது. காய்ந்த புல்லும் அதுவும் ஒரே நிறம். முன் இருக்கையில் இருந்த மச்சான் வழக்கம்போல, “பாத்துட்டேனுங்க” என்றார்.

பின்னாலிருந்து சாந்தாமணி கேட்டாள். “படுத்திருக்குதாண்ணா, நிக்குதாண்ணா?”

“நிக்குது அம்மணி.”

‘சரிங்க’ என்று ஒருவர் சொன்னால் அது சம்மதமா, மரியாதைக்குச் சொல்வதா என்று முகம் பார்த்தே தொழில் செய்கிறவன் நான். வீட்டு மனிதரிடம் கோட்டை விட்டுவிட்டேன்.

பின்னால் ஒருவர் நகரச் சொல்லிக் கைகாட்டினார். ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டு, என்ஜினை நிறுத்தினேன்.

“ஏனுங்க நிறுத்திட்டீங்க?”

“நீங்க பாக்காம இந்த வண்டி நகராதுங்க மச்சான். பானெட்டுல இருந்து ஆரம்பிங்க. ரோட்டோரத்தைப் புடிச்சுட்டே போங்க, வரப்பு மேல நடக்கற மாதிரி.”

“போறனுங்க.”

“வெள்ளைக் கல்லு வருதுங்களா?”

“வந்துருச்சு.”

“அங்கிருந்து இடது கைப்பக்கம் திரும்புங்க. பைய.”

“புல்லு... புல்லு... ஒரு புத்து.”

“புத்துக்கு அடிவாரத்துல பாருங்க.”

மச்சான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். “அம்மணி, இதுக்கு ஒரு காது கிழிஞ்சிருக்குது. வயித்தைப் பாரு, நல்லாத் தின்னு போட்டுப் படுத்திருக்குது” என்றார்.

பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். காது கிழிந்துதான் இருந்தது.

முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். சிங்கம் ஒரு தடவை கொட்டாவி விட்டது, மச்சானும் விட்டார். திரும்பும் வழியில் சாந்தாமணி விடவில்லை.

“அப்ப நேத்து என்னத்தப் பாத்தீங்க?”

“மரம் தெரிஞ்சுது.”

“யானை?”

“அதென்ன அவ்வளவு பெருசு, தெரியாமயா போகும்?”

“தெரியலீன்னு சொல்றதுக்கு என்னங்ணா?”

“மாப்ள இத்தனை தூரம் கூட்டிட்டு வந்து காட்டறாரு. இல்லீன்னு எப்படிச் சொல்றது?”

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். புல் காய்ந்திருக்கும், விலங்குகள் தண்ணீர் தேடி வெளியே வரும். ஜூலைக் காலையில் குளிர் கடுமை, ஸ்வெட்டர் வேண்டும். விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். கண் சரியில்லாதவரைக் கூட்டிப்போனால் சொந்தமாக ஓட்டுவதே நல்லது. சுற்றுலா வண்டி ஒருவருக்காகக் காத்திருக்காது. முக்கியமாக, “பார்த்தீர்களா?” என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள்.

கடைசி நாள் சாயங்காலம் ஒரு மரக்கிளையில் சிறுத்தை. எனக்கே பதற்றம். “மச்சான், அந்த மரத்துல, அந்த மரத்துல!” என்று கத்தினேன்.

“எதுவும் தெரியலீங்க. காடு பூரா மரம், எந்த மரமுன்னு ஒழுங்காச் சொல்லுங்க மாப்ள” என்று அதட்டினார் மச்சான்.