முதலில் குதிரைக்கு

2010இல், பாரிசின் ரூ பெர்தொனே தெருவில் நான் வேலைசெய்த சாப்பாட்டுக் கடைக்கு ஓர் ஆங்கிலேயக் கிழவர் வருவார். வளைந்த கால்கள், உடுப்பில் சேற்று வாடை. தேநீரைத் தொடுமுன் ஒரு வாளி தண்ணீர் வாங்கி வாசலில் வைப்பார்.

“நாய்க்கா?” என்று பிரெஞ்சில் கேட்டேன்.

“குதிரைக்கு. நாங்கள் விவசாயிகள். முதலாம் உலகப் போருக்குச் சொந்தக் குதிரைகளோடு தொண்டர் படையாக வந்தோம். குதிரை குடித்த பிறகுதான் நாங்கள் குடிப்போம்.”

“விசர்க் கிழவன், அந்தப் போர் முடிஞ்சு தொண்ணூறு வருசத்துக்கு மேலை,” என்று சிரித்தார் முதலாளி அண்ணை.

ஒருநாள் கிழவர் தண்ணீர் கேட்காமலே தேநீரைக் குடித்தார். “குதிரைகளை இங்கே விட்டுவிட்டுப் போர்முனைக்கு நடந்து வரச் சொல்லிவிட்டார்கள் எங்கள் அதிகாரிகள்,” என்று எழுந்து போனவர் பிறகு வரவேயில்லை.

மறுநாள் பின்னேரம் வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

அண்ணை தலைநிமிராமல் சொன்னார்: “கெதியா அந்த வாளியை வெளியிலை வையும்.”