கண்ணருகே அறுந்த கிதார் கம்பி

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். கம்பிமேல் இரும்புக் குழாயைத் தேய்த்து வாசிக்கும் ரெசனேட்டர் கிதார் ஒன்றை ஆசையாக வாங்கினேன். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, செல்போனில் ஓர் ஆங்கிலப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பேச்சு புரியவில்லை. அதில் கேட்ட சுருதி வரும்வரை, போல்ட் இறுக்கும் பழக்கத்தில் கம்பியை முறுக்கிக்கொண்டே போனேன்.

படீரென்று அறுந்த கம்பி இமையைக் கிழித்தது. இரத்தம் வழிந்து எதுவும் தெரியவில்லை.

“ஏனுங்க, கண்ணு தெரியுதுங்களா? வாயத் தொறந்து ஒருத்தரக் கேட்டா என்னங்க?” என்று மனைவி அலறினாள்.

தையல் போட்ட டாக்டர், கண் தப்பியது என்றார். பிறகுதான் கிதார் கடைக்காரரிடம் பாடத்தைக் காட்டினேன்.

“இது மடியில படுக்க வெச்சு வாசிக்கிற கிதாருக்குங்க. உங்களுது நிமித்திப் பிடிச்சு வாசிக்கிறது, அதோட கம்பி இவ்வளவு ஏத்தின சுருதியத் தாங்காதுங்க” என்றார்.

இப்போது எந்தப் பாடமானாலும் முதலில் அவரிடம் காட்டுகிறேன். கூச்சம் போகவில்லை, கண்ணும் போகவில்லை.