முப்பத்துமூன்றாவது ஆர்டர்

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக அவள் 'எப்ப வரும் அக்கா'தான். காலையில் உட்கார்ந்ததும் போனை எடுத்து, "அந்தப் பெட்டி எப்ப வரும்?" என்று ஆரம்பித்தால், கிளம்பும்வரை அதே பாட்டு.

அங்கே கம்ப்யூட்டரைச் செய்து அடுக்கிவைத்து விற்கிற வழக்கம் கிடையாது. ஆர்டர் வந்த பிறகுதான் வேலையே தொடங்கும். யாருக்கு எவ்வளவு மெமரி, எந்தத் திரை என்று சீட்டு அச்சாகும்; எதிர்ப்பக்கத்துக் கிடங்கிலிருந்து சாமான்கள் வேனில் வந்து இறங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரே ஒரு சாமான் வராவிட்டால், மற்ற அத்தனையும் கையில் இருந்தும் புண்ணியமில்லை. அந்த வராத சாமானைத் துரத்துவதுதான் அவள் பிழைப்பு.

அந்த வாரம் மின்விசிறி வரவில்லை. பெட்டிக்குள் சூட்டைத் தணிக்கிற, உள்ளங்கை அகலச் சின்ன விசிறி. கப்பல் ஏதோ துறைமுகத்தில் வரிசையில் நின்றது. தொண்ணூற்றெட்டு கம்ப்யூட்டர்கள் தேங்கிவிட்டன. செவ்வாய்க்கிழமை விமானத்தில் அறுபது விசிறி மட்டும் வந்து சேர்ந்தது.

மேனேஜர் அவள் மேசைக்கே வந்தார். "அறுபதையும் அந்தப் பெரிய ஆபீஸ் ஆர்டருக்குப் போட்டுடுங்க. மத்ததெல்லாம் ஒத்தை ஒத்தையா கேட்டவங்கதானே, பொறுத்துக்குவாங்க."

"அவங்கதான் சார் முன்னாடி கேட்டவங்க."

"தெரியும்மா. என்ன பண்றது?"

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. ஒற்றை ஆர்டர்கள் முப்பத்தெட்டு. அதில் முப்பத்துமூன்றாவது அவள் தங்கச்சியுடையது. வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போட்டுக்கொடுக்கிறவள். பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டு இரண்டு வாரமாகிறது.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அந்த ஆபீஸுக்குப் போன் போட்டாள். போனை எடுத்த பெண்ணின் குரலிலும் அலுப்பு.

"அறுபதும் இன்னைக்கே வேணுமாங்க?"

"யாரு சொன்னா? இங்க இன்னும் மேசையே வரலை. வயரிங் பாதியில நிக்குது. முப்பது அனுப்புங்க, போதும்."

அதையே எழுதி அனுப்பச் சொல்லி வாங்கி, மேனேஜரிடம் காட்டினாள். "உங்க பாடு," என்று அவர் போய்விட்டார்.

முப்பது விசிறி மிஞ்சியது. வரிசைப்படி முதல் முப்பது பேருக்கு. தங்கச்சியின் வரி மூன்று இடம் கீழே. மௌஸால் பிடித்து மேலே இழுத்தால் போதும், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. முப்பதாவது ஆள் யாரென்று பார்த்தாள். ஒரு பேரும் முகவரியும் இருந்தன. எதற்காக வாங்குகிறார் என்று சீட்டு சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பட்டியலை அப்படியே அனுப்பினாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் தங்கச்சி கூப்பிட்டாள்.

"மூணு இடத்துல தவறிடுச்சுடி. வெள்ளிக்கிழமை ஆகும்."

"மூணே பேரா? உன்னால என்னை முன்னாடி தள்ளி வைக்க முடியாதாக்கா?"

முடியாது என்றிருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். அன்றைக்கு அவளுக்குப் பொய் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. "முடியும்," என்றாள்.

"நல்லா இரு," என்று தங்கச்சி வைத்துவிட்டாள்.

வெள்ளியும் போய், திங்கட்கிழமைதான் அடுத்த விசிறிகள் வந்தன. கம்ப்யூட்டர் புதன்கிழமை தங்கச்சி வீட்டில் இறங்கியதை டெலிவரி விவரத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அதற்குள் ஒரு வரைபட வேலை கைநழுவிப் போய்விட்டதாக அம்மா சொன்னாள்.

பத்து நாள் கழித்து, அதே மாதிரி பஸ்ஸில் வரும்போது தங்கச்சியே கூப்பிட்டாள். "அக்கா, ஸ்பீக்கர்ல சத்தமே வரலை. யார்கிட்ட சொல்லணும்?"

நம்பரைச் சொன்னாள். தங்கச்சி குறித்துக்கொண்டாள், உடனே வைக்கவில்லை. அம்மாவின் முழங்கால், மாடி வீட்டுக்காரி என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. முடித்தபோது இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டியிருந்தது. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தாள்.