எட்டாவது டம்ளர்

எங்கள் வீட்டில் தம்பிக்குச் 'சல்லடை' என்று பெயர். தொலைந்த ஊசியைத் தேடச் சொன்னால், அதோடு போன வருடம் தொலைந்த பொத்தானையும் எடுத்து வருவான்.

அவன் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம், குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்களைக் கழுவினான். அவன் கழுவியதை யாரும் மறுபடி கழுவச் சொன்னதில்லை. அதைக் கவனித்த டாக்டரம்மா, பரிசோதனை அறையிலேயே தனக்கு உதவியாக வைத்துக்கொண்டார். போன வருடம் அங்கே செயற்கை நுண்ணறிவுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. கேமரா காட்டும் படத்தில் சந்தேகமான கட்டி தெரிந்தால், பச்சைக் கட்டம் போட்டு 'டிங்' என்று ஒலிக்கும். வெட்டுவதா வேண்டாமா என்பது டாக்டரின் முடிவு.

எங்கள் அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே ஈரலுக்குப் பரவிவிட்டது. பிள்ளைகளுக்கும் வரக்கூடும் என்பதால் தம்பி எப்போதோ பரிசோதனை செய்துகொண்டான். ஐம்பத்திரண்டு வயதாகியும் நான்தான் தள்ளிப்போட்டேன்.

"அக்கா, ஆலையில ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிறே. உன் வயித்துக்குள்ள மட்டும் யாரும் எட்டிப் பாக்கக் கூடாதா?"

"துணிக்கு வெக்கம் கிடையாதுடா. நீ வேற அந்த ரூம்ல நிப்பே!"

"நான் ஸ்கிரீனைத்தான் பாப்பேன். உன் மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டேன், போதுமா?"

கடைசியில் ஒப்புக்கொண்டேன்.

குடலைச் சுத்தமாக்க எட்டு டம்ளர் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். சமையலறைச் சுவரில் தாள் ஒட்டி, ஒவ்வொரு டம்ளருக்கும் நேரம் எழுதி டிக் போட்டேன். ஏழாவதிலேயே வயிறு கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. இனி எதற்கு என்று எட்டாவதை சிங்கில் ஊற்றிவிட்டு, அதற்கும் டிக் போட்டேன். இருபத்தேழு வருடமாகத் துணி பரிசோதிக்கிறேன். நான் போட்ட ஒரே பொய் டிக் அதுதான்.

மறுநாள் மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லி, படுத்தபடியே நானும் திரையைப் பார்த்தேன். குழாய் பெருங்குடலின் கடைசி வரை போய், மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. ஒரு மடிப்பில் மட்டும் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. கம்ப்யூட்டர் சத்தமே போடவில்லை.

"கொஞ்சந்தான் இருக்கு. மத்தபடி நல்லா சுத்தமா இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"டாக்டர், அதைக் கழுவிப் பாத்துடலாமா? மூடியிருக்கிறது கம்ப்யூட்டருக்கும் தெரியாதே" என்றான் தம்பி. பிறகு, சொன்ன சொல் தவறாமல் திரையைப் பார்த்தபடியே கேட்டான்: "அக்கா, எட்டாவது டம்ளர்?"

நான் திரையை விட்டுவிட்டு மேல் கூரையைப் பார்த்தேன்.

"சிங்க்கா?"

"ம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. பெரிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக் குழாய் வழியாகப் பீய்ச்சினான். மஞ்சள் விலகியது.

டிங்.

பச்சைக் கட்டத்துக்குள் என் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தட்டையாக ஒன்று. குடல் சுவரின் நிறமேதான் அதற்கும். வெளிர் துணியில் வெளிர் கறை. நானே விட்டிருப்பேன். டாக்டரம்மா உற்றுப் பார்த்துவிட்டு, கம்பிச் சுருக்கு மாட்டி அதை அறுத்தெடுத்தார். வலிக்கவே இல்லை.

பத்தாம் நாள் தம்பியே முடிவை வாங்கி வந்தான். புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் சில வருடங்களில் ஆகியிருக்கக்கூடிய கட்டி. மூன்று வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். வாசித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், சுவரில் இருந்த எட்டாவது டிக்கைப் பேனாவால் அடித்தான்.

"அடுத்த தடவை நானே நின்னு ஊத்துவேன்."

"போடா சல்லடை" என்றேன்.

எங்கள் ஆலைப் பரிசோதனை மேசையில் என்னோடு பதினொரு பெண்கள் நிற்கிறோம். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மூன்று பேர் தேதி வாங்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரைப் பற்றித்தான் ஆவலாகக் கேட்கிறார்கள். அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் முதலில் சொல்வது இதைத்தான்: "எட்டாவது டம்ளரை சிங்குக்குக் குடுத்துடாதீங்கடி. எல்லாருக்கும் எந்தம்பி கிடைக்க மாட்டான்."