எங்கள் மழைமானி ஜெயித்த விதம்

புதுமைத் திறனில் எந்த நாடு எத்தனையாவது இடம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் வரும். எங்கள் முதலாளி அதைச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டுவார். நம் நாடு ஏறியிருந்தால் அன்று டீயோடு வடையும் உண்டு. நான் வடையைத் தின்பேன், பட்டியலை நம்பமாட்டேன். எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாமல் எந்த வரிசையையும் என்னால் ஏற்க முடியாது.

அதனால்தான் நாங்களே ஜெயிப்பதாகத் தெரிந்தபோதும் எனக்கு உறுத்தியது.

கள்ளக்குறிச்சியில் இருக்கும் எங்கள் பட்டறை, மழையை அளந்து செல்போனுக்கு அனுப்பும் கருவியைச் செய்கிறது. கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு மரவள்ளிக் கொல்லையில் அதையும், ஐரோப்பாவில் செய்த ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டிருந்தோம். மழைக்காலம் முழுக்கப் பிசகாமல் அளப்பதையே தங்கள் நிலங்களுக்கு வாங்குவதாக ஒரு விவசாயிகள் சங்கம் சொல்லியிருந்தது. அந்த ஆர்டர் வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

மழை தொடங்கியது. எங்கள் கருவி ஒழுங்காக அளந்தது. வெளிநாட்டுக் கருவியும் கொஞ்ச நாள் அளந்தது, பிறகு மழையே இல்லை என்றது.

"லிஸ்ட்ல எங்கயோ மேல இருக்கான். நம்மூரு மழைக்குப் படுத்துட்டான் பாரும்மா" என்றார் முதலாளி.

ஆனால் அதே கருவி வெப்பநிலையைச் சரியாக அனுப்பிக்கொண்டிருந்தது. பேட்டரியும் நன்றாக இருந்தது. செத்த கருவி வெயிலை மட்டும் அளக்காது. என்ன காரணமாக இருக்கும் என்று மனதில் வரிசை போட்டேன்: புனலில் இலை, குருவிக்கூடு, அறுந்த வயர். கடைசியாக எங்கள் டெக்னீஷியன் அண்ணன். கருவிகளைத் துடைக்க முந்தின வாரம் தனியாகப் போய்வந்தவர் அவர்தான்.

அவருடைய வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து போனேன்.

"ஜெயிச்சுக்கினு இருக்கறப்ப இன்னாத்துக்கு மேடம் போயி குடையறீங்க?"

"சும்மா பாத்துட்டு வரலாம்ண்ணே."

"எம்மேல டவுட்டா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே."

கொல்லையில் வெளிநாட்டுக் கருவியின் தலையில் ஒரு கரிப்பானை கவிழ்ந்திருந்தது. சுண்ணாம்பில் கண், மீசை, பல் எல்லாம் வரைந்திருந்தார்கள். அண்ணன் சிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

கொல்லைக்காரப் பெண் களைக்கொத்தோடு வந்தாள்.

"யாருக்கா இதக் கவுத்தது?"

"நாந்தான் பாப்பா. பளபளன்னு நிக்குது. ரோட்ல போறவன்லாம் வண்டிய நிறுத்திக்கினு பாக்கறான். கண்ணு பட்டுச்சுன்னா? கம்பமும் தோதா இருந்துச்சு."

"எங்களுதுக்கு ஏன் வைக்கல?"

"அதுக்கா? கரண்டுப் பொட்டி மாரி இருக்குது. அத்த யாரு பாக்கப்போறா?"

"கேட்டுக்கினீங்களா மேடம்" என்றார் அண்ணன்.

பானையை எடுத்துவிட்டு முதலாளிக்குப் போன் செய்து சொன்னேன்.

"அவங்களாத்தான வெச்சாங்க. நாம ஏம்மா எடுக்கணும்?"

"எடுத்துட்டேன் சார். சங்கத்துக்கும் நானே சொல்லிடறேன். ரெண்டும் முதல்லேர்ந்து ஓடட்டும்."

"தோத்துட்டா?"

"தோக்கலாம் சார்."

அவர் போனை வைத்துவிட்டார்.

கொல்லைக்காரப் பெண் எங்கள் கருவியை முதல்முறையாகச் சுற்றி வந்து பார்த்தாள். "அப்ப இதுவும் அவ்ளோ பெரிய சாமானா?" என்று கேட்டுவிட்டு ஒரு மூங்கில் கழியைக் கொண்டுவந்து எங்கள் கருவியின் பக்கம் நட்டுப் பானையை அதில் கவிழ்த்தாள். மழையை மறைக்கும் என்று சொல்லித் தள்ளி நட வைத்தேன்.

திரும்பும் வழியில் கேட்டேன். "போன வாரம் வந்தப்ப பானை இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சு மேடம்."

"சொல்லவே இல்லையே."

"அவங்க கொல்லை, அவங்க வூட்டுப் பானை. நாம இன்னா சொல்றது?"

அவர் வண்டியை முறுக்கினார். கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை. இனி வாராவாரம் துடைக்க நானே வருவது, பஸ்ஸில் வருவது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.